மறுக்காதவர் எல்லாரும் கொடையாளர் என்று சட்டம் வந்தால் கிழக்கில் கிட்னி கிடைக்குமா?

கல்முனையிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது: உயிரோடு இருக்கும்போது 'வேண்டாம்' என்று பதிந்துவைக்காத எல்லாரையும் உறுப்புக் கொடையாளராக எடுத்துக்கொள்ளும் சட்டம் ஸ்பெயினில் இருக்கிறது, அங்கே உறுப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன, அதே சட்டம் இலங்கையில் வந்தால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் காத்திருப்பவர்களின் வரிசை குறையுமா? அவருடைய மச்சான் வாரத்துக்கு இரண்டு தடவை டயலிசிஸ் மெஷினில் நாலு நாலு மணித்தியாலம் படுக்கிறாராம். ஆகவே சட்டத்தைப் பற்றிய கேள்வியாக வந்தாலும், அவர் அறிய விரும்புவது கிட்னி எங்கே தவறிப்போகிறது, அதை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டத்தை மட்டும் மாற்றினால் கிழக்கில் எண்ணிக்கை கூடாது, குறையவும் இடமுண்டு. கொடை தவறிப்போவது பெரும்பாலும் ஐசியு கட்டிலுக்கும் அதன் வாசலில் நிற்கும் குடும்பத்துக்கும் நடுவில்.

இப்போதைய நிலை என்ன? 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம்தான் இலங்கையில் மனித இழையங்களை எடுப்பதையும் பொருத்துவதையும் ஆள்கிறது. வயது வந்த ஒருவர் தான் இறந்தபின் உறுப்புகளைக் கொடுக்க எழுத்தில் சம்மதிக்கலாம். அவர் எதுவும் எழுதாமல் போனால் நெருங்கிய உறவினர் சம்மதிக்கலாம். இறந்தவர் முன்பே மறுத்திருந்தால் யாரும் தொட முடியாது. விற்பதும் வாங்குவதும் குற்றம். மூளைச்சாவையும் இந்தச் சட்டம் மரணமாக ஏற்கிறது. அதாவது, இன்று ஒரு குடும்பம் 'சரி' என்று சொன்னால் அதைத் தடுக்கும் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது.

ஸ்பெயினைப் பற்றிப் பலரும் பாதியைத்தான் அறிந்திருக்கிறார்கள். மறுக்காததைச் சம்மதமாக எடுக்கும் ஊகச் சம்மதச் சட்டம் அங்கே வந்தது 1979இல். பத்து வருடம் கழித்தும் பத்து லட்சம் பேருக்கு 14 கொடையாளர் அளவில்தான் நின்றது. 1989இல் தேசிய உறுப்பு மாற்று அமைப்பைத் தொடங்கி, ஒவ்வொரு பெரிய வைத்தியசாலையிலும் ஒரு ஒருங்கிணைப்பாளரை வைத்த பிறகுதான் எண்ணிக்கை ஏறியது. இப்போது 45ஐத் தாண்டி நிற்கிறது. அந்த ஒருங்கிணைப்பாளர்களில் பெரும்பாலானோர் ஐசியு வைத்தியர்கள், வேறு வேலைகளோடு பகுதி நேரமாக இதைச் செய்பவர்கள். ஐசியுவில் நடக்கும் ஒவ்வொரு மரணத்தையும் பின்னர் எடுத்துப் பார்ப்பார்கள்: இவர் கொடையாளராக ஆகியிருக்கலாமா, ஏன் ஆகவில்லை? இன்னொன்று, சட்டத்தில் ஊகச் சம்மதம் இருந்தாலும் நடைமுறையில் ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்கிறார்கள், குடும்பம் மறுத்தால் எடுப்பதில்லை. அந்த அமைப்பைத் தொடங்கி நடத்திய ரஃபேல் மட்டேசான்ஸ் என்பவரே, வெற்றிக்குக் காரணம் சட்டமல்ல என்று பல தடவை சொல்லியும் எழுதியும் இருக்கிறார். வாய்க்கால் வெட்டாமல் இங்கினியாகலை அணையில் வான்கதவைத் திறந்துவிட்டால் சம்மாந்துறை வயலுக்கு நீர் வந்துவிடுமா?

மற்ற நாடுகளின் அனுபவம் ஒரே திசையில் இல்லை. வேல்ஸில் 2015 டிசம்பரில் சட்டம் மாறியது, சில வருடங்களில் குடும்பச் சம்மதம் நன்றாகவே கூடியது. ஆனால் கூடவே பெரிய அளவில் பிரசாரமும் தாதியர் பயிற்சியும் நடந்ததால் எது எதனால் என்று பிரித்துச் சொல்வது கடினம். இங்கிலாந்தில் 2020 மே மாதம் சட்டம் வந்தது. அப்போது 68 சதவீதமளவில் இருந்த குடும்பச் சம்மதம், பின்வந்த வருடங்களில் அறுபது சதவீதமளவுக்கு இறங்கிவிட்டது. பிரேசில் 1997இல் கொண்டுவந்த ஊகச் சம்மதத்தை அடுத்த வருடமே கைவிட்டது. வைத்தியர்மீது நம்பிக்கை இல்லாத சனம் அடையாள அட்டையில் 'கொடையாளர் அல்ல' என்று பதிய வரிசையில் நின்றது. சிலியில் 2010இல் சட்டம் வந்தபின் பெருந்தொகையானோர் மறுப்புப் பதிந்தார்கள், கொடை குறைந்தது. 35 நாடுகளை ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வொன்று, இறந்தவரிடமிருந்து கிடைக்கும் உறுப்புகளில் இரண்டு வகை நாடுகளுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றும், ஊகச் சம்மத நாடுகளில் உயிரோடு இருப்பவர்கள் கிட்னி கொடுப்பது குறைவு என்றும் கண்டது. அதற்கு முந்திய சில ஆய்வுகள் ஊகச் சம்மதத்துக்குச் சாதகமாக வந்திருக்கின்றன. ஆகவே 'சட்டம் உதவும்', 'உதவாது' இரண்டையும் அடித்துச் சொல்கிறவரை நம்பவேண்டாம். உறுதியாகச் சொல்லக்கூடியது, ஐசியு ஏற்பாடு இல்லாத இடத்தில் சட்டம் தனியே எண்ணிக்கையை உயர்த்திய நாடு என்று காட்ட ஒன்றும் இல்லை என்பதே.

இனி நம்ம பக்கம். 'நீ வாய் திறக்காவிட்டால் உன் உடல் எங்களுடையது' என்று கேட்கக்கூடிய ஒரு சட்டத்தைக் கிழக்கில் எப்படி விளங்கிக்கொள்வார்கள் என்று யோசியுங்கள். 2020இல் கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களைக் குடும்பம் மறுத்தும் எரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தும் 2021 பெப்ரவரி வரை அது தொடர்ந்தது. அதன்பிறகு நாடு முழுவதிலுமிருந்து ஜனாஸாக்கள் வந்து சேர்ந்தது மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குத்தான். அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது 2024 ஜூலையில். தமிழ்க் குடும்பங்களில் காணாமல் ஆக்கப்பட்டவரின் உடல் எங்கே என்று இன்றும் தேடுகிற தாய்மார் இருக்கிறார்கள். 2016 தொடக்கத்தில் வெளிநாட்டவர் சம்பந்தப்பட்ட கிட்னி வியாபாரப் புகார் கிளம்பி, வெளிநாட்டவருக்கு மாற்றுச் சிகிச்சை செய்வதை அரசு நிறுத்தியதும் பலருக்கு நினைவிருக்கும். இப்படி ஒரு இடத்தில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்தால், பிரேசிலில் நடந்தது இங்கே ஒரு மாதத்திலேயே நடக்கும் என்பது என் கணிப்பு. கணிப்புத்தான், கணக்கல்ல. சிங்கப்பூர்கூட 1987இல் ஊகச் சம்மதச் சட்டம் இயற்றியபோது முஸ்லிம்களை விட்டுவைத்தது. அங்குள்ள இஸ்லாமிய மன்றத்தின் பத்வா (மார்க்கத் தீர்ப்பு) வந்தபிறகு, 2008இல்தான் அவர்களையும் சேர்த்தது. இருபது வருடத்துக்கு மேல் பொறுத்திருந்தார்கள்.

உறுப்பு தவறிப்போகும் இடத்துக்கு வருவோம். கிட்னி, ஈரல், இருதயம் எல்லாம் எல்லா மரணத்திலும் கிடைப்பதில்லை. இருதயம் நின்று வீட்டில் இறப்பவரிடம் அவற்றை எடுக்க முடியாது. இங்கே மூளை செத்து, வென்டிலேட்டரால் ஒட்சிசன் போய்க்கொண்டிருக்கும் சிலரிடம்தான் முடியும். ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டவர், பிரஷர் கூடி மூளையில் இரத்தம் கசிந்தவர், இவர்கள்தான் பெரும்பாலானோர். இவர்கள் முதலில் வந்து சேர்வது களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று, கல்முனை போன்ற ஆதார வைத்தியசாலைகளுக்கு. அங்கிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறைப் பொது வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். ஐசியு கட்டில் எங்கும் தட்டுப்பாடு. 'இனி ஆள் மிஞ்சாது' என்று தெரிந்தவுடன் அந்தக் கட்டிலைப் பிழைக்கக்கூடிய இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டிய நெருக்கடி வரும், அது நியாயமானதும்கூட. மூளைச்சாவுப் பரிசோதனை செய்யாமலே, இரவில் பிரஷர் இறங்கி, விடியமுன் இருதயம் நின்றுவிடும். யாரும் மறுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பரிசோதனை எப்படி நடக்கும் என்பதைக் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. முதலில் மூளை சேதப்பட்ட காரணம் ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்திருக்கவேண்டும். உடல் வெப்பம் சாதாரண அளவில், குறைந்தது 36 பாகை அளவில் இருக்கவேண்டும். மயக்க மருந்தின் தாக்கம் உடலை விட்டுப் போயிருக்கவேண்டும். சோடியம், சீனி, பிரஷர் மோசமாகக் குழம்பியிருக்கக்கூடாது. பிறகுதான் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். டோர்ச் அடித்தால் கண்மணி சுருங்குகிறதா, கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமை அசைகிறதா, காதுக்குள் 50 மில்லிலீற்றர் ஐஸ் தண்ணீர் விட்டால் கண் திரும்புகிறதா, தொண்டைக்குள் குழாய் விட்டால் இருமல் வருகிறதா? கடைசியாக மூச்சுப் பரிசோதனை. முதலில் முழு ஒட்சிசன் கொடுத்து, வென்டிலேட்டரைக் கழற்றி, குழாய் வழியே ஒட்சிசன் மட்டும் விட்டு, சுமார் எட்டுப் பத்து நிமிடம் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு 60 மில்லிமீற்றர் இரச அழுத்தத்தைத் தாண்டியும் ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை என்றால் மூளைத்தண்டு செத்துவிட்டது. மாற்றுச் சிகிச்சைக் குழுவோடு சம்பந்தமில்லாத வைத்தியர்கள் இதைச் செய்யவேண்டும், இரண்டு முறை செய்யவேண்டும். கோமாவில் மட்டும் இருப்பவரை இந்தப் பரிசோதனை மூளை செத்தவர் என்று காட்டாது, அவருக்கு ஏதாவதொரு அசைவு இருக்கும். 'கோமாவில் கிடந்தவரை அறுத்துவிட்டார்கள்' என்ற பயத்துக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. முதுகுத்தண்டிலிருந்து வரும் அசைவு மட்டும் சிலருக்கு மூளைச்சாவுக்குப் பிறகும் வரும், கைவிரல் துடிக்கும், கால் இழுக்கும். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பக்கத்தில் நிற்கும் மனைவி பார்த்துவிட்டு 'உயிர் இருக்குது' என்று கத்துவதில் பிழையே இல்லை. என் அபிப்பிராயம், விரும்புகிற உறவினர் ஒருவரை இரண்டாவது மூச்சுப் பரிசோதனையின்போது கட்டிலடியில் நிற்க விடவேண்டும். எத்தனை தடவை வாயால் விளக்கினாலும், மூச்சு வராத அந்த நிமிடங்களைக் கண்ணால் கண்டதற்கு ஈடாகாது.

மூளை செத்தபின் உடல் தானாகவே சரியத் தொடங்கும், அதை அறியாத ஐசியுவில் உறுப்புகள் கெட்டுவிடும். மூளையிலிருந்து வரும் ஹோர்மோன் நின்றுபோவதால் சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் போகும், மணித்தியாலத்துக்குக் கால் லீற்றர், அரை லீற்றர் என்று. உடனே வாசோபிரெசின் அல்லது டெஸ்மோபிரெசின் கொடுத்து, இழந்த நீரை ஈடுகட்டாவிட்டால் சோடியம் 160ஐத் தாண்டும், ஈரல் பழுதாகும். சராசரி பிரஷரை 65க்கு மேல், சிறுநீரை கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு 0.5 முதல் 2 மில்லிலீற்றர் அளவில், சோடியத்தை 150க்குக் கீழே, உடலைச் சூடாக வைத்திருக்கவேண்டும். இது 12 மணித்தியாலமோ ஒரு நாளோ ஒரு தாதி கட்டிலை விட்டு அசையாமல் பார்க்கும் வேலை. இரவுக் கடமையில் ஆள் குறைவான இடத்தில் முதலில் தவறுவது இதுதான்.

குடும்பத்திடம் கேட்பதும் ஒரு தொழில்நுட்பம்தான். மரணச் செய்தியையும் உறுப்புக் கோரிக்கையையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடாது. முதலில் இறந்துவிட்டார் என்று சொல்லவேண்டும், 'மூளை வேலை செய்யவில்லை, மெஷினில் வைத்திருக்கிறோம்' என்று மழுப்பக்கூடாது, ஏனென்றால் அதைக் கேட்பவருக்கு ஆள் உயிரோடு இருப்பதாகத்தான் படும். அழட்டும், ஆட்கள் வரட்டும். இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து, இன்னொருவர், சிகிச்சை செய்த வைத்தியர் அல்லாதவர், கதிரை போட்டு உட்கார்ந்து பேசவேண்டும். நடைவழியில் நின்று அல்ல. மட்டக்களப்புப் பக்கம் இன்னொரு விசயம்: கையெழுத்து வைப்பது மனைவியோ மகனோ ஆனாலும், முடிவு பெரும்பாலும் தாய்மாமன், மூத்த மச்சான், சில ஊர்களில் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் சொல்வதில் தங்கியிருக்கும். அவரை விட்டுவிட்டு மனைவியிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால், அவர் வந்து சேர்ந்ததும் எல்லாம் திரும்பும். கேட்பவர் தமிழில் பேசவேண்டும், படிவமும் தமிழில் இருக்கவேண்டும். விளங்காத மொழியில் நீட்டிய தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று இந்த மாகாணத்துக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

மார்க்கத்தைப் பற்றிக் கேட்பார்கள். சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் (மார்க்கச் சட்ட) கலாசாலை 1986இல் மூளைச்சாவை மரணமாக ஏற்றது, 1988இல் இறந்தவரின் அல்லது வாரிசுகளின் அனுமதியோடு உறுப்பு மாற்றத்தை ஆகுமாக்கியது. ஆனால் மூளைச்சாவை ஏற்காத ஆலிம்களும் இருக்கிறார்கள், அதை மறைத்துப் பேசுவது பிறகு நம்பிக்கையைக் கெடுக்கும். அந்தத் தீர்மானத்தில் 'அனுமதியோடு' என்ற நிபந்தனை இருப்பதைக் கவனியுங்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுக்கும் சட்டம் அதை எப்படித் தாண்டும் என்பது தனி விவாதம். நடைமுறையில் பெரிய தடை பத்வாவைவிட நேரம். மூளைச்சாவை உறுதி செய்ததிலிருந்து உடலை ஒப்படைக்கும்வரை 12 முதல் 24 மணித்தியாலம் போகலாம். அஸர் தொழுகைக்கு முன் அடக்க நினைக்கும் குடும்பத்திடம் 'கொஞ்ச நேரம்' என்று பொய் சொல்லக்கூடாது, மணியைச் சொல்லவேண்டும். உடல் சாதாரண ஒப்பரேஷன் போல நெஞ்சிலிருந்து வயிறுவரை தைக்கப்பட்டுத்தான் வரும். குளிப்பாட்டலாம், கபனிடலாம், இந்துக்கள் வழக்கப்படி முகம் பார்க்க வைக்கலாம்.

விபத்தில் இறந்தவர் என்றால் பொலிஸ், சட்ட வைத்திய அதிகாரி, மரண விசாரணை அதிகாரி ஆகியோரின் அனுமதி இல்லாமல் உறுப்பை எடுக்க முடியாது. முதல் பரிசோதனை முடிந்த உடனேயே அவர்களுக்கு அறிவித்துவிட்டால் மணிக்கணக்கு மிஞ்சும். குடும்பம் சம்மதித்த பிறகு தேடத் தொடங்கினால் அரை நாள் வீணாகும், ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். பிறகு தூரம். எடுத்த இருதயம் சுமார் 4 மணித்தியாலத்துக்குள் இன்னொரு நெஞ்சில் ஓடவேண்டும். ஈரலுக்கு 8 முதல் 12. கிட்னி ஐஸில் 24 மணித்தியாலமும் அதற்குச் சற்று மேலும் தாங்கும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், கண்டிக்கு மலையேறிப் போகவேண்டும். ஆகவே கிழக்கிலிருந்து தரைவழியே நம்பிக்கையோடு கொடுக்கக்கூடியது கிட்னி. ஈரலுக்கு நல்ல ஏற்பாடு வேண்டும். இருதயத்துக்கு விமானம் இல்லாமல் நினைக்கவே வேண்டாம்.

கண் விசயம் வேறு, இதில் ஐசியு தேவையே இல்லை. இலங்கைக் கண் தானச் சங்கத்தை ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கினார், 1964இலிருந்து இந்த நாட்டுக் கருவிழிகள் வெளிநாடுகளுக்குப் போகின்றன. அந்தச் சாதனைக்கு ஊகச் சம்மதச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை, பன்சலையிலும் பாடசாலையிலும் படிவம் கொடுத்தே நடந்தது. வீட்டில் இறந்த வயதானவரும் கொடுக்கலாம். கண்ணாடி போட்டவர், நீரிழிவுக்காரர், கண்புரை (வெள்ளை) வெட்டியவர் யாரும் விலக்கல்ல. விசர்நாய்க்கடி, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, கடுமையான இரத்தத் தொற்று போன்றவை இருந்தால் எடுக்கமாட்டார்கள். ஆள் இறந்ததும் இமைகளை மூடி, சுத்தமான ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலைக்கு ஒரு தலையணை வைத்து உயர்த்தி, மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றில் கருவிழி காய்ந்துவிடும். ஆறு மணித்தியாலத்துக்குள் எடுக்கவேண்டும். நம்ம ஊரில் இது தவறுவது மலர்ச்சாலையில்: ஆளைக் கொண்டுபோய் மருந்தேற்றிவிட்டால் கண் உதவாது. முதலில் கண்ணுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு, பிறகு மலர்ச்சாலைக்கு எடுங்கள்.

முழு உடலைக் கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவருக்குக் கொடுப்பது இன்னொரு தனி ஏற்பாடு. உள்ளுறுப்பு எடுத்த உடலையும், பிரேத பரிசோதனை செய்த உடலையும் உடற்கூற்றுப் பிரிவுகள் பொதுவாக ஏற்பதில்லை. கண் மட்டும் எடுத்திருந்தால் ஏற்பார்கள். இரண்டையும் விரும்புகிறவர், 'முதலில் உறுப்பு, அது முடியாவிட்டால் உடல்' என்று வரிசையை எழுதிவைக்கவேண்டும்.

எழுதுவது எப்படி? ஒரு தாளில் பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்தெந்த உறுப்பு, எது வேண்டாம், திகதி, கையெழுத்து, இரண்டு சாட்சி. ஒரு பிரதி மனைவியிடம் அல்லது கணவனிடம், ஒரு பிரதி குடும்பத்தில் எல்லாரும் பேச்சுக்கு மதிக்கிறவரிடம். அலுமாரிக்குள் பூட்டிவைத்த கடிதம் முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் பிறகுதான் கையில் கிடைக்கும். பிரித்தானிய அனுபவத்தில், இறந்தவரின் விருப்பம் முன்பே தெரிந்த குடும்பங்களில் பத்தில் ஒன்பது சம்மதிக்கின்றன. சட்டம் மாற்றித் தேடும் எண்ணிக்கையைவிட இது பெரிது, இதற்குப் பாராளுமன்றமும் தேவையில்லை.

ஊக்கம் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. கொடையாளராகப் பதிந்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் காத்திருப்புப் பட்டியலில் முன்னுரிமை தரும் முறையை இஸ்ரேல் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2023 செப்டம்பரில், உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்குக்கு அரச மரியாதை என்று அறிவித்தது. இரண்டாவது நமக்குப் பொருந்தும், செலவும் இல்லை. பணம் மட்டும் எந்த வடிவிலும் வேண்டாம், மரணச்செலவு என்ற பெயரிலும் வேண்டாம். ஆனால் உடலை வீட்டுவாசல்வரை இலவசமாகக் கொண்டுவந்து விடுவது ஊக்கமல்ல, கடமை.

இனி உங்கள் மச்சான். இறந்தவரின் கிட்னிக்காக மட்டும் காத்திருக்கவேண்டாம். இலங்கையில் மாற்றப்படும் கிட்னிகளில் பெரும்பாலானவை உயிரோடு இருக்கும் கொடையாளர் கொடுப்பவை. குடும்பத்தில் இரத்தவகை பொருந்துகிறவர்கள் யார் என்று இப்போதே பாருங்கள், அவர்களுடைய பிரஷரையும் சீனியையும் சோதியுங்கள். உறவில்லாதவர் கொடுக்க முன்வந்தால் விசாரணை கூடுதலாக இருக்கும், அது காசு கைமாறுகிறதா என்று பார்ப்பதற்காக. தரகர் யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள். இறந்தவரின் கிட்னிக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவரைப் பதியும்படி டயலிசிஸ் கிளினிக்கில் கேளுங்கள். இழைய வகைப் பரிசோதனை முடிந்ததா, பொருத்தம் பார்க்கும் இரத்த மாதிரி புதிதாக இருக்கிறதா என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் விசாரியுங்கள். தேவையில்லாமல் இரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு பைக்கும் எதிர்ப்புப் பொருள் கூடி, பிறகு பொருந்தும் கிட்னி கிடைப்பது கடினமாகும். அழைப்பு நள்ளிரவில் வரும். தொலைபேசி இலக்கம் மாறினால் அன்றைக்கே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள், வீட்டில் இன்னும் இரண்டு பேரின் இலக்கத்தையும் கொடுத்துவையுங்கள், இரவில் கண்டிக்கோ கொழும்புக்கோ ஓடக்கூடிய வான்காரர் ஒருவரையும் இப்போதே பேசிவையுங்கள்.